பூசுதலும் தோய்தலும்

கேள்வி: அமெரிக்காவின் முன்னோடி அரூப ஓவியர் ஹெலன் ஃபிராங்கந்தாலர் வண்ணம் பூசிய விதம், இன்றைய ஓவியர்களுக்கு எவ்வாறு தூண்டுதலாகிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 'பூசிய' என்ற சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறோம், நெற்றியில் திருநீறு பூசுகிறோம். பூசியது எதுவானாலும் மேலே படிந்து நிற்கும், சுரண்டினால் வந்துவிடும். ஃபிராங்கந்தாலர் செய்தது அதுவன்று. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரையைப் பார்த்துத் திரும்பியிருந்த அவர், 1952 அக்டோபரில், தமது 23ஆம் வயதில், அடிப்பூச்சு இல்லாத பெரிய கித்தானை நியூயார்க்கில் தம் ஓவியக்கூடத் தரையில் விரித்து, டர்ப்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்த எண்ணெய் வண்ணத்தை அதன்மேல் ஊற்றினார். துணி அதைக் குடித்தது. ஏறத்தாழ 2.2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட 'மலைகளும் கடலும்' அப்படி உருவானதுதான். சாயப்பட்டறையில் நூலைத் தோய்ப்பார்களே, அந்தத் 'தோய்' என்ற சொல்தான் இதற்குப் பொருந்தும்.

கித்தானைத் தரையில் விரிப்பதை அவர், வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்த அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கிடம் கண்டார். ஆனால் பொல்லாக்கின் வண்ணம் பெரும்பாலும் துணியின் மேல் கிடந்தது. இவருடையது இழைக்குள் இறங்கியது. இறங்கிய வண்ணத்தை வழித்தெடுக்க முடியாது; வேறொன்றை மேலே வைத்து மறைத்தால் அதன் ஒளி போய்விடும். வண்ணம் தொடாமல் விட்ட வெறுந்துணியும் அங்கே ஒரு நிறமாகிவிடுகிறது. இன்று நீர்த்த அக்ரிலிக்கை (நீரில் கலக்கும் செயற்கை வண்ணம்) ஊற்றி வரைகிறவர்களுக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்தது, எந்த நிறத்துக்கு அருகில் எந்த நிறம் என்ற பட்டியலன்று, திருத்த வழியில்லாத இந்தத் துணிவுதான் என்பது என் உறுதியான கருத்து.

1953இல் வாஷிங்டனிலிருந்து வந்து அந்தப் படத்தைப் பார்த்த ஓவியர்கள் மாரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் ஊர் திரும்பித் தாங்களும் அவ்வாறே வரையத் தொடங்கினார்கள். பொல்லாக்குக்கும் இனிச் சாத்தியமானதற்கும் இடையே ஃபிராங்கந்தாலர் ஒரு பாலம் என்று பிற்பாடு லூயிஸ் கூறினார். அதைப் பெரும் பாராட்டாக எடுத்தாள்பவர்களோடு இதே பக்கத்தில் முன்பும் சண்டையிட்டிருக்கிறேன், இப்போதும் விடுவதாயில்லை. அதன்பின் அரை நூற்றாண்டு வரைந்து, 1960களில் எண்ணெயை விட்டு அக்ரிலிக்குக்கு மாறித் தம் முறையைத் தாமே புதுப்பித்துக்கொண்ட ஒருவரை, பிறர் கடந்துபோன இடமாக மட்டும் நினைப்பது பெரும் அநீதி.

வாஷிங்டனில் வேர்விட்ட அந்த முறையைக் கைக்கொண்ட ஓவியர் சாம் கில்லியம், 1960களின் பிற்பகுதியில், வண்ணம் தோய்ந்த கித்தானை மரச்சட்டத்திலிருந்தே கழற்றி, மடிப்பு மடிப்பாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். நிறம் துணிக்குள்ளேயே இருந்ததால், அதைத் தாங்க அவருக்குச் சட்டம் தேவைப்படவில்லை.