பெரிய பிளாஸ்டிக் டிராகனுக்கு ப்ரைமர் அடித்தால் உப்புத்தாள் போல் சொரசொரப்பாகிறதே, ஏன்?

மேசை விளையாட்டுக்கான, ஓர் அடி அகலச் சிறகு கொண்ட டிராகன் உருவத்தின் பாகங்களை முழுவதுமாக ஒட்டி முடித்து, ஜூலை மாத மதியத்தில் ஸ்பிரே டப்பாவால் ப்ரைமர் (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்ததாகவும், மறுநாள் அதன் முதுகும் சிறகும் உப்புத்தாள் போல் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். டப்பா பழுதா, கைப்பழக்கம் போதவில்லையா என்பது உங்கள் கேள்வி. இரண்டுமே இல்லை என்பதுதான் என் கருத்து. நீங்கள் அடித்த நேரமும் அப்போது வீசிய காற்றும்தான் காரணம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் வைத்து என் முதல் பெரிய உருவத்தை நானும் இப்படியே கெடுத்திருக்கிறேன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

டப்பாவிலிருந்து வெளிவரும் ப்ரைமர் நுண்ணிய துளிகளாகப் பறந்து, ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் விழுந்து, ஒன்றோடொன்று கலந்து சமமாகப் படிந்த பிறகே காய வேண்டும். காற்று சூடாகவும் வறண்டும் இருந்தால் துளி பறக்கும் வழியிலேயே பாதி காய்ந்து, பொடியாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும் அதே மேல்காற்று, மலையைத் தாண்டித் திருநெல்வேலிக்கு வரும்போது ஈரத்தை இழந்து புழுதியைச் சுமந்து வருகிறது. அந்தக் காற்றில் திறந்த வெளியில் ப்ரைமர் அடிக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் இதற்கு நேர்மாறான கேடு நேர்கிறது: காற்றிலுள்ள ஈரம் பூச்சில் சிக்கி, மேற்பரப்பு சாம்பல் பூத்தது போல் மங்கிவிடும். ஆகவே எங்கள் பக்கத்தில் தை முதல் பங்குனி வரையிலான காலமே ஸ்பிரேக்கு உகந்தது. மற்ற மாதங்களில் காற்று அடங்கி, ஈரம் வற்றி, வெயில் ஏறுவதற்கு முன்பான காலைப் பொழுதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அடிக்கும்போது டப்பாவை இரண்டு நிமிடமாவது நன்கு குலுக்குங்கள். வெயிலில் வைத்த டப்பா உள்ளழுத்தம் கூடிச் சீறும், அது ஆபத்தும்கூட; நிழலிலேயே வையுங்கள். வழக்கமாக 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் சொல்வார்கள். நம் வெப்பத்துக்கு நான் 20-ஐத் தாண்டுவதில்லை. உருவத்துக்கு வெளியே தெளிக்கத் தொடங்கி, அதன் குறுக்கே கையை ஓட்டி, மறுபுறம் வெளியே சென்ற பிறகே விரலை எடுக்க வேண்டும். ஒரே பூச்சில் மூடிவிட முயலாமல், இடையில் கால் மணி நேரம் விட்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். முதல் பூச்சில் பிளாஸ்டிக் ஆங்காங்கே தெரிந்தால் அது குறையல்ல.

இப்போது கெட்டுப்போனதை மீட்க முடியும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலான ப்ரைமர் கழன்றுவிடும். கையுறை போட்டுக்கொண்டு, அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அசிட்டோனையும் பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரையும் அருகிலேயே கொண்டுவராதீர்கள். இந்த உருவங்கள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்தத் திரவங்கள் பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும். ஒரு கடையில் ‘எல்லாப் பெயின்டுக்கும் இதுதான்’ என்று சொல்லிக் கொடுத்த தின்னரை நம்பி, ஒரு குதிரையின் முகத்தையே நான் இழந்தேன். எந்தத் திரவமானாலும், எந்த ஸ்பிரேயானாலும், பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் சோதித்துவிட்டுத்தான் உருவத்தைத் தொட வேண்டும்.

மீண்டும் தொடங்கும்போது, முடிந்தால் சிறகுகளையும் மேலே அமரும் வீரனையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய உருவத்தை முழுவதும் ஒட்டிவிட்டு வண்ணம் தீட்டலாம். பெரிய உருவத்தில் சிறகின் அடிப்பகுதிக்கும் விலாவுக்கும் இடையே பிரஷ்ஷும் நுழையாது, ஸ்பிரேயும் எட்டாது. பிளாஸ்டிக் ஒட்டும் சிமென்ட் இரு பரப்புகளையும் கரைத்து இணைப்பதால் பூச்சின் மேல் அது பிடிக்காது. ஆகவே பின்னர் ஒட்ட வேண்டிய முனைகளை ப்ரைமருக்கு முன்பே மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டு, இணைப்பு இடுக்குகளை எபாக்ஸி மக்கால் நிரப்பி, நயமான உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பெரிய சிறகில் விட்டுப்போன ஒரு கோடு கடைசி வரை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அதன் பின் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து கழுவி, முழுதாக உலரவிடுங்கள். அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப் பசை மிஞ்சியிருந்தால் ப்ரைமர் அங்கே பிடிக்காது.

ப்ரைமரைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெரிய உருவத்தில் இதன் பலன் மிக அதிகம். முதலில் எல்லாப் பக்கமும் கறுப்பு, அது காய்ந்ததும் சாய்வாக மேலிருந்து சாம்பல் நிறம், இறுதியில் நேர் மேலிருந்து சிறிதளவு வெள்ளை என்று அடித்தால், ஒளி எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்ற வரைபடம் வண்ணத்துக்கு முன்பே உருவத்தில் பதிந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவை, திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்கள். அங்கே வண்ணம் எதுவும் இன்றி, ஒரே கல்லில், தோளின் மேடும் மூக்கின் நுனியும் ஒளிர்கின்றன. தாடைக்குக் கீழும் இடுப்பின் மடிப்பிலும் இருள் நிற்கிறது. அவற்றின் முன்னால் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து டப்பாவைக் கையில் எடுங்கள்.

வண்ணம் தீட்டுகையில், நீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர் சேர்த்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். நம் வெப்பத்தில் தட்டிலேயே அது காய்ந்துவிடும். மூடியுள்ள டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்சைப் பரப்பி, அதன் மேல் கேக் வேக வைக்கும் காகிதத்தை விரித்து, அதில் வண்ணத்தைக் கலந்தால் வெகு நேரம் ஈரமாக இருக்கும். மெழுகுக் காகிதம் நீரை விடாது, அது உதவாது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். சிறகின் சவ்வுக்குத் தட்டையான அகன்ற பிரஷ் வேண்டும், சிறிய பிரஷ் கோடு கோடாகத் தடம் விடும். செதில்களின் இடுக்கில் நிழலுக்காக விடும் நீர்த்த கருவண்ணத்தைச் சவ்வில் அப்படியே ஊற்றினால் ஓரத்தில் கறைவட்டம் தங்கிவிடும். சிறு பகுதியாகப் பூசி, தேங்கியதை ஈர பிரஷ்ஷால் உடனே ஒற்றி எடுங்கள். செதில்களுக்கு ட்ரை பிரஷ் போதும், அதாவது வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் மெதுவாகத் தடவுவது. மிச்சமாகும் பொழுதை முகத்துக்குக் கொடுங்கள், பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

மேசையில் பலர் கைபடும் பொருள் என்பதால் வார்னிஷ் அவசியம். முதலில் பளபளப்பானது, அது நன்றாகக் காய்ந்த பின் மங்கலானது. ப்ரைமருக்குச் சொன்ன பருவ எச்சரிக்கை இதற்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும், ஏனெனில் ஈரக் காற்றில் மங்கல் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டால் அதுவரை செய்த அத்தனை வேலையும் அதன் அடியில் மறைந்துவிடும். அப்படி நேர்ந்தால் பதறாமல், வானம் தெளிந்த ஒரு நாளில் அதன் மேல் பளபளப்பு வார்னிஷை மெலிதாகப் பூசிப் பாருங்கள்; என் டிராகனின் இடது சிறகு அப்படித்தான் திரும்பக் கிடைத்தது.