மூலப்பொருளில் தொடங்கும் டிசைன்: மேற்படிப்பு பற்றிய கேள்வி பதில்

துணித் தொழில்நுட்பத்தில் பி.டெக். முடித்து, மூன்று ஆண்டு ஒரு நூற்பாலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் லண்டனில் டிசைனும் பொருளறிவியலும் கலந்த முதுகலையை இரண்டு ஆண்டு படித்தேன். இப்போது பாக்டீரியா வளர்க்கும் செல்லுலோஸில் (பருத்தியிலும் மரத்திலும் இருக்கும் அதே நார்ப்பொருள்) வேலை செய்கிறேன். இந்தப் படிப்பைப் பற்றி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, இது டிசைன் படிப்பா, அறிவியல் படிப்பா? பாடத்திட்டத்தைப் படித்தும் பிடிபடவில்லை. (மெக்கானிக்கல் பட்டதாரி, மதுரை)

நாற்காலி வடிவமைப்பவர் வழக்கமாக முதலில் உருவத்தை வரைவார். மரமா, இரும்பா, பிளாஸ்டிக்கா என்பது அப்புறம் வரும். இந்தப் படிப்பில் வரிசை தலைகீழ். முதலில் மூலப்பொருளைக் கையில் எடுக்கிறோம். அது எப்படி வளைகிறது, நனைந்தால் என்ன ஆகிறது, எந்தச் சூட்டில் உருகுகிறது, குப்பைக்குப் போனால் எத்தனை நாள் கிடக்கிறது என்று பார்க்கிறோம். அதிலிருந்துதான் உருவம் பிறக்கிறது. கிடைப்பது பெரும்பாலும் டிசைன் பட்டம்தான். ஆனால் நாளில் பாதி ஆய்வுக்கூடத்தில் போகும்.

மூன்று இடங்களைச் சொன்னால் வேறுபாடு புரியும். லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டும் இம்பீரியல் காலேஜும் சேர்ந்து நடத்தும் இன்னோவேஷன் டிசைன் இன்ஜினியரிங் 1980-ல் வேறு பெயரில் தொடங்கியது. இரண்டு ஆண்டு முடிவில் எம்.ஏ., எம்.எஸ்சி. என்று இரண்டு பட்டம் தருவார்கள். உங்களைப் போன்ற பொறியாளர்களுக்கு அது நல்ல வாசல். அதே ஊரில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியின் மெட்டீரியல் ஃபியூச்சர்ஸ், முன்பு டெக்ஸ்டைல் ஃபியூச்சர்ஸ் என்ற பெயரில் இருந்தது. அங்கே சாய்வு டிசைன் பக்கம். மூன்றாவது பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம். வேதிப்பொறியியல் துறையும் கலைத்துறையும் சேர்ந்து 2011-ல் அங்கே கெம்ஆர்ட்ஸ் என்ற கூட்டுப் பயிற்சியைத் தொடங்கின. இது தனிப் பட்டம் கிடையாது. அங்கே ஏதாவது ஒரு முதுகலையில் சேர்ந்து, அதற்குள் இந்தப் பாடங்களை எடுக்க வேண்டும். பலர் இதைத் தெரியாமல் தேடி ஏமாறுகிறார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி. 2018 டிசம்பரில் சுதந்திர தின விருந்துக்குப் பின்லாந்து அதிபரின் மனைவி அணிந்து வந்த கவுனின் இழை, பிர்ச் மரக்கூழிலிருந்து அயான்செல் என்ற முறையில் எடுத்தது. இழையை எடுத்தது வேதியியல் கூடம். உடுப்பாக்கியது டிசைன் பிரிவு.

எனக்குப் படம் வரையவே வராது. போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) கேட்கிறார்களே, என்ன வைப்பது? (வேதியியல் எம்.எஸ்சி., திருச்சி)

படம் வராததால் மட்டும் கதவு மூடிவிடாது. நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "தோற்றுப்போன சாம்பிள்கள் எங்கே?" என்பதுதான். நான் அழகான பத்து புகைப்படங்களை அடுக்கி வைத்திருந்தேன். நல்ல வேளையாகப் பையில் என் நோட்டுப் புத்தகம் இருந்தது. வாழைநார்க் கூழில் தட்டையாக வராமல் சுருண்டுபோன பதினேழு துண்டுகளை அதில் ஒட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூழ் எவ்வளவு, பசை எவ்வளவு, காய்ந்தது வெயிலிலா நிழலிலா என்று எழுதியிருந்தேன். மிச்ச நேரம் முழுவதும் பேசியது அந்த நோட்டைப் பற்றித்தான்.

நீங்கள் வேதியியல் படித்தவர். கலைக் கல்லூரியிலிருந்து வருபவர்களிடம் இல்லாத ஒரு பழக்கம் உங்கள் கையில் இருக்கிறது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அதைப் போர்ட்ஃபோலியோவில் காட்டுங்கள். ஒரே பொருளில் இருபது சாம்பிள் செய்து, எது ஏன் மாறியது என்று எழுதுங்கள். அதோடு, அதைத் தொட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேருங்கள். "ஈரமான பப்படம் மாதிரி இருக்கு" என்று என் பாட்டி சொன்னதை நான் அப்படியே எழுதி வைத்திருந்தேன்.

நான் பி.டெஸ். (இளநிலை டிசைன்) மாணவி. வேதியியல் பிளஸ் டூவோடு நின்றுவிட்டது. ஆய்வுக்கூடத்தில் தடுமாற மாட்டேனா? (சென்னை)

முதல் ஆறு மாதம் தடுமாறுவீர்கள். அதற்கு ஒரே மருந்து, போவதற்கு முன்பே ஒரு பொருளோடு பழகிவிடுவது. பாக்டீரியா செல்லுலோஸைச் சொல்கிறேன், அது வீட்டிலேயே வளரும்.

சர்க்கரை போட்ட தேநீரை ஆறவைத்து, கொஞ்சம் வினிகரும் கொம்புச்சா என்ற புளித்த தேநீரின் தாய்த் திரவமும் ஊற்றி, அகலமான பாத்திரத்தில் துணியால் மூடி வையுங்கள். இந்த பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். அதனால் திரவத்தின் மேற்பரப்பில்தான் இழையை நெய்யும். சுண்டக் காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் ஒரு படலம் வரும். ஆட்டினால் அடுக்கு கலைந்துவிடும், ஆகவே அசைக்காமல் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். 28, 30 டிகிரி அதற்கு உகந்தது. நம் ஊர் சமையலறைக்கு இது சிரமமே இல்லை. லண்டனில் இதற்காக ஹீட்டர் வைத்துக் காத்திருந்தேன்.

எடுத்த படலத்தின் எடையில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர். மிச்சம் இருப்பது சுத்தமான செல்லுலோஸ். மரத்தில் இழைகளை இறுகப் பிணைக்கும் லிக்னின் இதில் கிடையாது. அதனால் மரக்கூழுக்குச் செய்யும் பெரிய வேதிச் சுத்திகரிப்பு இதற்கு வேண்டாம், காரக் கரைசலில் கழுவினால் போதும். காய்ந்ததும் காகிதம்போல் மொடமொடக்கும். கிளிசரினில் ஊறவைத்தால் மென்மையாகும். அப்புறம் இதன் பெரிய குறை தெரியவரும். மீண்டும் தண்ணீரைக் குடிக்கும். நான் முதலில் செய்த கைப்பை ஒரு மழையில் ஊதி, கொழகொழத்து, தோளிலேயே கிழிந்தது. என் ஆய்வுக் கேள்வி அன்றைக்குத்தான் கிடைத்தது: பிளாஸ்டிக் பூசாமல் இதை எப்படி மழையில் காப்பது? இரண்டாம் ஆண்டு முழுவதும் அதிலேயே போனது.

கேரளாவில் மலாய் என்ற நிறுவனம், தென்னைத் தொழிலில் மிஞ்சிப்போகும் தேங்காய்த் தண்ணீரில் இதே செல்லுலோஸை வளர்த்து, நார்களைச் சேர்த்துத் தோல் போன்ற தாளாக்குகிறது. ஹிந்தியில் மலாய் என்றால் பாலாடைதானே, பெயரே பொருத்தம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த வடிவமைப்பாளர். தேங்காய்த் தண்ணீரில் அவர் ஒரு புதுப் பொருளைப் பார்த்தார். நமக்கோ அது கொல்லையிலேயே இருக்கிறது.

பாக்டீரியாவை வைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்களாமே. எங்கள் ஊருக்கு அது விடிவாகுமா? (சாயப்பட்டறைக் குடும்பம், திருப்பூர்)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம்.

நொய்யல் ஆறு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிலைமைக்கு ஊர் மாறியதும் தெரியும். சிக்கலின் வேர் நிறம் மட்டும் இல்லை, உப்பும்தான். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதி முறையில் பிணையும் சாயம்) ஏற நிறைய உப்பு வேண்டும். அந்த உப்பைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கத்தான் இவ்வளவு மின்சாரமும் செலவும்.

இப்போது பாக்டீரியா. ஜிம்பாப்வேயில் பிறந்த நட்சாய் ஆட்ரி சியெசா, கட்டடக்கலை படித்துவிட்டு லண்டனில் டெக்ஸ்டைல் ஃபியூச்சர்ஸ் படித்து 2011-ல் முடித்தவர். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் உயிர்வேதிப் பொறியியல் பேராசிரியர் ஜான் வார்டின் கூடத்தில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற மண் பாக்டீரியாவைப் பட்டுத் துணியின் மேலேயே வளர்த்தார். அது உமிழும் நிறமி அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவும் மாறும். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினும் இந்த இனத்து பாக்டீரியாவிடமிருந்துதான் வருகிறது. துணியை எப்படி மடிக்கிறோமோ அப்படி நிறம் விழுகிறது. கொதிக்கும் தொட்டியும் வேண்டாம், உப்பும் வேண்டாம்.

ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. நான் பருத்தியில் செய்து பார்த்தேன். வெயிலில் நிறம் வெளுத்தது. அதைவிடப் பெரிய தலைவலி, நேற்று வந்த ஷேடு இன்றைக்கு வரவில்லை. லாட்டுக்கு லாட் ஷேடு மாறினால் வாங்குபவர் திருப்பி அனுப்பிவிடுவார் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேம்பிரிட்ஜில் உருவான கலரிஃபிக்ஸ் நிறுவனம், மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளை வைத்து வழக்கமான சாய எந்திரங்களிலேயே ஏற்றும் வழியில் போகிறது. எனக்கு நம்பிக்கை அந்தப் பக்கம்தான். புதுப் பட்டறை கட்டச் சொல்லும் எதுவும் திருப்பூரில் நிற்காது.

உங்கள் வீட்டில் யாராவது இந்தப் படிப்புக்குப் போனால், ஷேடு மாறாமல் எடுப்பதையே ஆய்வுக் கேள்வியாகக் கொண்டு போகச் சொல்லுங்கள். சாயப்பட்டறையில் வளர்ந்த பிள்ளை, எந்தக் கலைக் கல்லூரி மாணவரையும்விட அந்த மேசையில் முன்னால் நிற்கும்.

'தாவரத் தோல்' என்று விற்கிறார்களே, அதில் பிளாஸ்டிக் இல்லையா? (தோல் தொழில்நுட்பம், வேலூர்)

பலவற்றில் இருக்கிறது. அன்னாசி இலை நாரில் செய்யும் பினாடெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நாரோடு பி.எல்.ஏ. என்ற உயிரிப் பிளாஸ்டிக் கலந்து தாளாக்குகிறார்கள், மேலே பிசின் பூச்சும் உண்டு. வீணாகும் இலைக்கு விவசாயியிடம் விலை கிடைப்பது பெரிய விஷயம்தான். ஆனால் பி.எல்.ஏ. மக்க 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வைத்திருக்கும் உரக்கூடம் வேண்டும், வீட்டு உரக்குழியில் அது அப்படியே கிடக்கும். எந்தப் புதுப் பொருளைப் பார்த்தாலும், "மேலே என்ன பூசியிருக்கிறீர்கள், பிரிக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

சென்னையில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் சோதனைகளின் மொழி தெரிந்த உங்களுக்கு இந்தத் துறையில் தனி மதிப்பு உண்டு. இழுத்தால் எவ்வளவு தாங்கும், மடித்து மடித்து எத்தனை தடவையில் விரிசல் விடும் என்ற எண்களைக் கேட்டால் பல டிசைனர்கள் வாயடைத்துப்போவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

மகள் லண்டன் போக ஆசைப்படுகிறாள். செலவை நினைத்தால் தூக்கம் வரவில்லை, அம்மா. வேலை கிடைக்குமா? (ஒரு தந்தை, சேலம்)

ஐயா, முதலில் செலவு. லண்டன் கலைக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணமே 25,000 பவுண்டைத் தாண்டும். அறை வாடகையும் சாப்பாடும் தனி. சாம்பிள் செய்யும் பொருள்களுக்கும் பணம் போகும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்லோரும் சொல்லும், பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்குத்தான், இரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பொருந்தாது. 1892 முதல் இருக்கும் ஜே.என். டாடா அறக்கட்டளை, பின்னால் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் உதவித்தொகை தருகிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் அதில்தான் லண்டன் போய்ப் படித்தார். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் உண்டு. வருமான வரம்பும் பாடப்பிரிவும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

வேலை பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். புதுப் பொருள் நிறுவனங்களை மட்டும் நம்பிப் போகக் கூடாது. காளான் இழையில் மைலோ என்ற தோலைச் செய்த போல்ட் த்ரெட்ஸ், அத்தனை பெரிய பிராண்டுகள் கூட இருந்தும், 2023-ல் பணம் போதாமல் அதை நிறுத்தியது. நிலையான வேலை கார், செல்போன், காலணி நிறுவனங்களின் நிறம், மூலப்பொருள், மேற்பூச்சுப் பிரிவுகளில் இருக்கிறது. படிப்பு முடிந்து பிரிட்டனில் வேலை தேட இருக்கும் கால அளவு, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. கடன் கணக்குப் போடும்போது லண்டன் சம்பளத்தை வைத்துப் போடாதீர்கள். இந்தியச் சம்பளத்தில் அடைக்க முடியும் என்றால் மட்டும் அனுப்புங்கள்.

அப்படியானால் இந்தியாவிலேயே படிக்க வழி இல்லையா? (பலர்)

உண்டு. மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் எம்.டெஸ். சேரலாம். பெங்களூரில் நடந்துபோகும் தூரத்தில் பொருளறிவியல் துறை இருக்கிறது. யாரும் அழைத்துப்போக மாட்டார்கள், நீங்களாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். துணிப் பக்கம் ஆர்வம் என்றால், கோவையில் உள்ள சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதனை முறைகளைக் கொஞ்ச காலம் கற்றுவிட்டுப் போனால் கைகொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவே புதுப் பொருள்களைக் கண்டுபிடிக்கும்போது நமக்கு என்ன வேலை? (கணினி மாணவர், கோவை)

2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதுப் படிக அமைப்புகளைக் கணித்தது. அவற்றில் 3,80,000 நிலையாக இருக்கும் என்றது. எல்லாம் கனிமப் படிகங்கள், மின்கலம் மாதிரியான துறைகளுக்கு உதவும். ஒன்று இருக்க முடியும் என்பது வேறு, அதைச் செய்து எடுப்பது வேறு. கையில் பட்டால் எப்படி இருக்கும், எதற்கு உடுத்தலாம் என்பது இன்னும் தள்ளி. நீங்கள் கணினி படித்தவர் என்பதால், சோதனைக் குறிப்புகளை ஒழுங்கான தரவாக மாற்றத் தெரிந்தால் எந்தக் கூடமும் உங்களை விடாது.

ஊரில் இருந்தபடி, காசு செலவில்லாமல் எதில் தொடங்கலாம்? (தேனி)

புளியங்கொட்டை. வறுத்துத் தோல் நீக்கி மாவாக்குங்கள். பாவு நூலுக்கும் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) சணலுக்கும் கஞ்சி போட ஆலைகளில் இந்த மாவைப் பயன்படுத்துவது வழக்கம், ஆகவே படலம் கட்டும் என்பது தெரிந்த விஷயம். நூறு மில்லி தண்ணீருக்கு மூன்று கிராம் மாவு, ஒரு கிராம் கிளிசரின் என்று கட்டியில்லாமல் காய்ச்சித் தட்டில் ஊற்றி நிழலில் காயவிடுங்கள். அடுத்த நாள் கிளிசரினை மட்டும் இரண்டு கிராம் ஆக்குங்கள். அதற்கடுத்த நாள் மூன்று. ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியும் அளவும் எழுதுங்கள். ஒரு துண்டை மண்ணில் புதைத்து, ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு, ஒரு துண்டை நோட்டில் ஒட்டுங்கள். முதல் தட்டில் பூஞ்சை பிடித்தால் அதையும் புகைப்படம் எடுத்துவிட்டுத்தான் தூக்கிப் போட வேண்டும்.