விசாவில் என்ன எழுதியிருக்கிறது? – வெளிநாட்டு வேலை: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் சிங்கப்பூரும் வளைகுடாவும்தான் அதிகம். ஒரு வேண்டுகோள். எந்த நாடு, எந்த வகை விசா, தாளில் எழுதியிருக்கும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதுங்கள். நாட்டின் பெயர்கூட இல்லாத கடிதங்களை இந்த முறை ஒதுக்கிவிட்டேன், ஒன்றைத் தவிர.

சிங்கப்பூரில் கட்டுமான வேலை. ஸ்கில் டெஸ்ட் பாஸ் செய்துவிட்டேன், ஐபிஏவும் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம்) வந்துவிட்டது. அதில் பேசிக் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று இருக்கிறது. ஓ.டி. சேர்த்து 1,200 வெள்ளி நிச்சயம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? – ம.க., பட்டுக்கோட்டை

நம்பாதீர்கள் தம்பி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 வெள்ளி பேசிக்குக்கு ஒரு மணி நேரக் கூலி சுமார் 2.60 வெள்ளி. ஓ.டி. ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய 4 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓ.டி.யின் பொது வரம்பு. அது முழுசாகக் கிடைத்தாலும் 285 வெள்ளி. நான்கு ஞாயிறும் வேலைக்குப் போய் இரட்டைச் சம்பளம் வாங்கினாலும் மொத்தம் ஆயிரத்தைத் தொடாது. ஐபிஏவில் தனியாக அலவன்ஸ் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த 1,200 ஏஜென்ட் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

ஐபிஏ தமிழிலும் கிடைக்கும், கேட்டு வாங்கிப் படியுங்கள். நீங்கள் எழுத்தில் சம்மதித்து, மனிதவள அமைச்சுக்கும் தெரிவித்தால் ஒழிய முதலாளி அதிலுள்ள சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஏஜென்ட் வாயால் சொன்னதை மட்டும் வைத்து முதலாளியிடம் கேட்கவும் உங்களால் முடியாது.

வெளிநாட்டில் குடும்பத்தோடு வாழ மாதம் எவ்வளவு செலவாகும்? – வாசகர், ஊர் பெயர் இல்லை

எந்த நாடு? எழுதுங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.

துபாயில் மாதம் 6,000 திர்ஹாம் சம்பளம். மனைவியையும் நான்கு வயதுக் குழந்தையையும் கூட்டிப்போகலாமா? 4,000 இருந்தாலே போதும் என்கிறார்கள். – ஜெ.பி., காயல்பட்டினம்

விசா வாங்க 4,000 போதும். கம்பெனி வீடு கொடுத்தால் 3,000கூடப் போதும். வாழ்வதற்குப் போதுமா என்பது வேறு கேள்வி.

வருட வருமானம் 72,000. ஓரளவு மலிவான பகுதியில்கூட ஒரு படுக்கையறை வீடு வருடத்துக்கு 55,000 திர்ஹாமுக்குக் குறைந்து கிடைப்பது கடினம். அதையும் பெரும்பாலும் மாதாமாதம் கொடுக்க முடியாது, முன்தேதியிட்ட காசோலைகளாகத் தர வேண்டும். நான்கு காசோலை என்றால் மூன்று மாத வாடகை ஒரே நேரத்தில் போகும். இதற்கு மேல் முன்பணம் 5 சதவீதம், தரகருக்கு 5 சதவீதம், மின்சார-தண்ணீர் இணைப்புக்கு 2,000 டெபாசிட். அப்புறம் வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மாதாமாதம் கரண்ட் பில்லோடு சேர்ந்து வரும். மனைவி, குழந்தையின் மருத்துவக் காப்பீட்டை நீங்கள்தான் எடுக்க வேண்டும். வாடகை போக மாதம் 1,400 திர்ஹாம் மிஞ்சும். இன்னும் சாப்பாடு, பள்ளிக்கூடம் கணக்கில் வரவில்லை. சம்பளம் பத்தாயிரத்தைத் தாண்டட்டும். அதுவரை வருடத்துக்கு ஒரு மாதம் அவர்களை விசிட்டில் அழைத்துவந்து வைத்திருங்கள்.

தெரிந்தவர் மூலமாக சிங்கப்பூர் பெர்மிட். மூன்றரை லட்சம் கேட்கிறார். சம்பளம் 700 வெள்ளி, இரண்டு வருட பெர்மிட். நியாயமான தொகையா? – வே.மு., மன்னார்குடி

இல்லை. சிங்கப்பூரில் உரிமம் உள்ள ஏஜென்சி ஒரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் வரை வாங்கலாம், எத்தனை வருடமானாலும் இரண்டு மாதச் சம்பளம்தான் உச்சம். உங்களுக்கு 1,400 வெள்ளி, சுமாராக ஒரு லட்சம் ரூபாய். நம் பக்கம் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டையும் கூட்டினாலும் ஒன்றரை லட்சம் வராது.

மீதிப் பணம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். 'கம்பெனிக்குக் கொடுக்கணும்', 'லெவி கட்டணும்' என்பார். லெவி என்பது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டும் தொகை. அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளி தலையில் போட முடியாது. வேலை கொடுப்பதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ரசீது தராதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைக்கப் போகும் முன் ஏஜென்டின் பெயர் இ-மைகிரேட் (வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளம்) பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தம்பி பி.இ. முடித்திருக்கிறான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 ரூபாய், டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தருகிறார்கள். முதலில் சுற்றுலாவாக வந்துவிட்டால் அங்கே வேலை விசாவாக மாற்றிவிடுவார்களாம். அனுப்பலாமா? – ஆர்.எஸ்., தென்காசி

அனுப்பாதீர்கள். இதைப் படித்ததும் முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் போட்டு நிறுத்துங்கள்.

'போய் மாத்திக்கலாம்.' இந்த இரண்டு சொல்லை நம்பிக் கெட்ட குடும்பங்களை இருபது வருடமாகப் பார்த்துவருகிறேன். எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று தெரியாது, மறுபடியும் எழுதுகிறேன். சுற்றுலா நுழைவு வேறு, வேலை அனுமதி வேறு.

ஏஜென்ட் ஏன் சுற்றுலாவாக அனுப்பத் துடிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்கு என்று அனுப்பினால் அவருக்கு உரிமம் இருக்க வேண்டும். முதலாளி பெயரும் சம்பளமும் போட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும். இ.சி.ஆர். பாஸ்போர்ட் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்று குறித்த பாஸ்போர்ட்) என்றால் குடியேற்றப் பாதுகாப்பாளரின் அனுமதி வேண்டும், பத்து லட்சம் ரூபாய்க்குப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுக்க வேண்டும். சுற்றுலாப் பயணி என்று ஏற்றிவிட்டால் இதில் எதுவுமே தேவையில்லை. உங்கள் தம்பி வேலைக்குப் போனார் என்பதற்கு எங்கேயும் ஒரு வரி பதிவு இருக்காது.

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவில் 30 நாள் தங்கலாம் என்று ஆனதும் அங்கேயும் இது பெருகிவிட்டது. மலேசியாவில் முதலாளி முதலில் ஒப்புதல் வாங்கி, காலிங் விசா (வேலைக்கு வரவழைக்கும் விசா) எடுத்து, அதை வைத்து ஆள் உள்ளே நுழைந்தால்தான் பெர்மிட் அடிப்பார்கள். சுற்றுலாவாக நுழைந்தவருக்கு அந்த வழி இல்லை. 31ஆம் நாள் காலையில் அவர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர், அவருடைய குடுமி முழுக்க முதலாளி கையில்.

நான் கோலாலம்பூரில் பெர்மிட் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். ஓர் உணவகத்தில் எட்டு மாதம் தட்டுக் கழுவியிருக்கிறான். முதல் மூன்று மாதம் சம்பளம் வந்தது. அப்புறம் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்ற மிரட்டல் மட்டும் வந்தது. புகார் கொடுக்கப் போனால் முதலில் உள்ளே போவது அவன்தான். நாலு பேரிடம் கேட்டு அபராதத்தைக் கட்டி அவனை ஊருக்கு அனுப்பினோம். ஐந்து மாதச் சம்பளத்தில் ஒரு காசுகூட என்னால் வாங்கித் தர முடியவில்லை. அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தாய்லாந்து விஷயம் இதைவிடக் கொடுமை. பாங்காக்கில் இறக்கி, மே சோட் என்ற எல்லை ஊருக்குக் காரில் கொண்டுபோய், அங்கிருந்து ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவடிப் பக்கம் விட்டுவிடுகிறார்கள். டேட்டா என்ட்ரி என்று சொன்னது அங்கே இணைய மோசடி வேலையாக இருக்கும். செய்ய மறுத்தால் அடி. 2025 மார்ச்சில் இப்படிச் சிக்கிய 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் விமானப்படை விமானங்கள் திரும்பக் கொண்டுவந்தன. கம்போடியா, லாவோஸ் என்று ஊர் பெயர் மாறும், முறை இதேதான். தட்டச்சு வேலைக்கு 80,000 ரூபாயும் டிக்கெட்டும் கொடுத்து முன்பின் தெரியாத பையனை யார் கூப்பிடுவார்கள்? அதை மட்டும் ஏஜென்டிடம் கேளுங்கள்.

அமீரகத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். விசிட்டில் போய் வேலை தேடி, கிடைத்ததும் நாட்டை விட்டு வெளியேறாமலே நிலையை மாற்றிக்கொள்ள அங்கே முறையான வழி இருக்கிறது. ஆனால் பெர்மிட் வரும் முன்னே ஒரு நாள் வேலை செய்தாலும் தவறு. அப்படி ஆள் வைக்கும் முதலாளிக்கு 2024 முதல் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம். 'பெர்மிட் வரும்வரை சும்மா கடையில் நில்லு' என்று சொன்னால் நிற்க வேண்டாம்.

சவுதிக்கு 'பிரீ விசா' கிடைக்கிறது. யாரிடம் வேண்டுமானாலும் வேலை செய்யலாமாமே? – கா.த., அறந்தாங்கி

அப்படி ஒரு விசாவே கிடையாது. இக்காமாவில் (வசிப்பு அனுமதி அட்டை) எந்தக் கபில் (பொறுப்பேற்கும் முதலாளி) பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வேலை. வெளியே செய்து பிடிபட்டால் நாடுகடத்தல்.

துபாயில் ஏழு வருடம் முடித்துவிட்டு ராஜினாமா செய்கிறேன். மொத்தச் சம்பளம் 5,000 திர்ஹாம், பேசிக் 2,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 11,000தான் என்கிறது கம்பெனி. ஏமாற்றுகிறார்களா? – அ.ஹ., கீழக்கரை

கணக்கு சரி. கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்கு மேல் வருடம் 30 நாள். உங்களுக்கு 165 நாள், அதாவது 11,000. ராஜினாமா செய்தால் பிடித்தம் என்ற பழைய விதி 2022 பிப்ரவரியில் போய்விட்டது, யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வேலை முடிந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஏழு வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போடும்போது பேசிக்கைப் பார்த்திருந்தால் இன்றைக்கு இந்த வருத்தம் இருந்திருக்காது. புதிதாகப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

வயது 32. சிங்கப்பூரில் ஐ.டி. வேலை, 5,700 வெள்ளி சம்பளம். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 5,600தான் வேண்டும் என்று படித்தேன். கிடைத்துவிடும் அல்லவா? – எஸ்.வி., கோவை

பாதிதான் படித்திருக்கிறீர்கள். 2025 விதிப்படி 5,600 என்பது இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு. வயது கூடக் கூடத் தொகையும் ஏறி, 45 வயதில் 10,700 ஆகிறது. உங்கள் வயதுக்கு 7,500க்கு மேல் வேண்டும். அது தேறினாலும் காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். இந்தச் சம்பளத்துக்குக் கம்பெனி எஸ் பாஸ் (அதற்கு அடுத்த நிலை வேலை அனுமதி) போடுமா என்று கேளுங்கள். மனைவியை டிபென்டன்ட் பாஸில் அழைக்க 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடம் முன்பு டி.பி. வந்து முழுதாகக் குணமாகிவிட்டது. எக்ஸ்ரேயில் தழும்பு தெரிகிறது. வளைகுடா மெடிக்கலில் பிரச்சினை வருமா? – சி.ரா., ராமநாதபுரம்

பெரும்பாலும் அன்ஃபிட் என்றுதான் போடுவார்கள், மருந்து முடித்த சான்று இருந்தாலும். முடிவு இணையத்தில் பதிவாவதால் இன்னொரு சென்டருக்குப் போயும் பயனில்லை. 'ஃபிட் போட்டுத் தருகிறேன்' என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அங்கே இறங்கியதும் இன்னொரு மெடிக்கல் இருக்கிறது, அதில் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லோருக்கும் சொல்வது: மெடிக்கல் முடிந்த பிறகு ஏஜென்டுக்குப் பணம் கொடுங்கள், இருக்கும் வேலையையும் அதற்குப் பிறகு விடுங்கள்.

சவுதிக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போனால் வரி உண்டாமே? – ந.இ., அதிராம்பட்டினம்

ஆளுக்கு மாதம் 400 ரியால். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் வருடத்துக்கு 14,400. இக்காமா புதுப்பிக்கும்போதே முன்கூட்டிக் கட்ட வேண்டும்.

என் கணவர் குவைத்தில் டிரைவராக இருக்கிறார். நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட்டைக் கபில் வைத்துக்கொண்டு தரவில்லை. வேலையை விட்டு வெளியே வந்துவிடுகிறேன் என்கிறார். என்ன செய்வது என்று தெரியவில்லை. – ஒரு சகோதரி, கடலூர் மாவட்டம்

அம்மா, முதலில் அவரை அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளியேறினால் ஓடிப்போனதாகக் கபில் புகார் கொடுப்பார். அதன் பிறகு சம்பளத்தைக் கேட்கும் உரிமை பலவீனமாகிவிடும், ஊர் திரும்புவதும் இழுத்தடிக்கும். அடி, உதை என்று உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் யோசிக்காமல் நேரே இந்தியத் தூதரகத்துக்குப் போகட்டும்.

தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது குவைத்திலும் சட்டவிரோதம்தான். நீங்கள் இங்கிருந்தே வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரு மனு கொடுங்கள். இரண்டிலும் அவருடைய பாஸ்போர்ட் எண், சிவில் ஐடி எண், கபிலின் முழுப் பெயர், இருக்கும் இடம், எந்தத் தேதியிலிருந்து சம்பளம் இல்லை என்பது கட்டாயம் இருக்க வேண்டும். சம்பளம் கேட்டு அவர் கபிலுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். புகார் எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு பாஸ். ஆனாலும் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை இருக்கிறது. சிங்கப்பூருக்குப் போக முடியுமா? – ப.சு., பெரம்பலூர்

போகலாம். இ.சி.ஆர். அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை. வளைகுடா, மலேசியா, தாய்லாந்து இருக்கின்றன. எப்படியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து அந்த முத்திரையை இப்போதே எடுத்துவிடுங்கள்.