கடல் தூண்டிலைக் கொண்டு கண்மாயில் கெண்டை பிடிக்கலாமா?

பாம்பனில் கடல்மீனுக்கு வைத்திருக்கும் தூண்டிலும் இறால் இரையும் ராமநாதபுரத்துக் கண்மாய்களில் கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்கள் பிடிக்கப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பு போதும், முள்ளையும் இரையையும் மாற்றியே ஆக வேண்டும்.

கெண்டை இனத்துக்குத் தாடையில் பல் கிடையாது. அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. அதனால் அது கடித்து இழுக்காது. இரையை உறிஞ்சிப் பார்த்து, உறுத்தினால் அந்தக் கணமே துப்பிவிடும். கடலுக்கான பருமனான முள் இங்கே பயன்படாமல் போவது இதனால்தான். சிறிய கூர்மையான முள், மெல்லிய நரம்பு (தூண்டில் நூல்), லேசான தக்கை போதும். பல்லுள்ள மீன் நரம்பை அறுக்காமலிருக்க முள்ளோடு கட்டும் கம்பி இங்கே வேண்டவே வேண்டாம்.

கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் நனைத்து, முள்ளில் நிற்கும் அளவுக்கு மைதா சேர்த்துப் பிசையுங்கள். மேல்நோக்கிய வாயுள்ள கட்லா நீரின் மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் தரையில். தக்கைக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளியை அதற்கேற்ப மாற்றுங்கள். இரையைவிட இதுவே முக்கியம் என்பேன்.

பல கண்மாய்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், கேட்காமல் இறங்காதீர்கள். கரையில் நிழல் என்றால் பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். செருப்பில்லாமல் நடக்க வேண்டாம்.