தறியில் குறுகும் தோள்வார்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய் அணிந்த 1908 மாதிரிப் பருத்திப் பட்டைகளை, அதாவது தோட்டாப் பைகளைத் தாங்கும் வார்களை, பற்றி எழுதியிருந்தீர்கள். இன்று அவற்றைப் பிரதி செய்பவர்கள் பழைய தறியில் நெய்த பட்டையைத் தேடி அலைகிறார்கள் என்றும் சொன்னீர்கள். நான் கரூரில் தறி ஓட்டும் குடும்பத்துக்காரன். நூல் அதேதான் என்றால் எந்தத் தறியில் நெய்தால் என்ன? நாடாத் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் நாங்கள், அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

கேட்டவர் தறிக்காரர் என்பதால், நெய்த பட்டையின் ஓரமான கரையிலிருந்தே தொடங்குகிறேன். நாடாத் தறியில், குறுக்கு நூலான ஊடையைச் சுமந்து ஓடும் நாடா போய்த் திரும்பும்போது ஊடை அறுபடாமல் மடிந்து வருகிறது; இரண்டு கரையும் ஒன்றுபோல் அமைகின்றன. (ஓடுகிற கட்டையும் நாடா, நெய்து வரும் பட்டையும் நாடா. நம் மொழியின் இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.) இன்றைய ஊசித்தறியில் ஊசி ஒரே பக்கத்திலிருந்து ஊடையை இரட்டை இழையாகக் கொண்டுபோகிறது; எதிர்க்கரையில் கொக்கி ஊசி அதைச் சங்கிலிப் பின்னலாகப் பிடித்துக்கொள்கிறது. வேகம் பல மடங்கு. ஆனால் ஒரு கரை நெசவு, மறு கரை பின்னல். உள்ளாடை எலாஸ்டிக்கில் அதை யாரும் பார்ப்பதில்லை. சிப்பாயின் பட்டையிலோ இரு கரையும் வெளியே தெரியும். விவரம் தெரிந்தவர் முதலில் விரல் வைப்பது அங்கேதான்.

என் மனம் அதைவிடத் தோள்வாரில்தான் போய் நிற்கிறது. தோளில் 2 அங்குலம் அகலம், முனைகளில் 1 அங்குலம். வெட்டித் தைத்ததல்ல, நெய்யும்போதே குறுகி வந்தது. இந்த வித்தையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. தோல் வளையங்களில் செருகிய பித்தளைத் தோட்டாக்கள் பச்சைக் களிம்பு பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதனால் அன்சன் மில்ஸ் என்ற ராணுவ அதிகாரி துணிக்கு மாறினார். மாசச்சூசெட்ஸின் வூஸ்டரில் ஆர்ன்டார்ஃப் என்பவர் அமைத்த தறி, பட்டையையும் தோட்டா வளையங்களையும் தையலே இல்லாமல் ஒரே நெசவாக இறக்கியது. அந்த வழியில் வந்ததுதான் அன்சன் மில்ஸின் பெயரைத் தாங்கிய லண்டன் நிறுவனமும், மேஜர் பரோஸ் வடிவமைத்த 1908 மாதிரியும். பத்துப் பைகள், பைக்கு 15 தோட்டா; ஆக 150 தோட்டாவின் கனம் அந்த வாரில் தொங்கியது. தைத்த இடம்தான் முதலில் பிரியும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

1914இல் லட்சக்கணக்கானோர் படையில் சேர்ந்தபோது, அத்தனை பேருக்கும் நெய்து கொடுக்க ஆலைகளால் முடியவில்லை. பிரிட்டன் அவசரமாகத் தோலுக்குத் திரும்பி 1914 மாதிரியைக் கொண்டுவந்தது. கையில் பருத்தி இருந்தால் மட்டும் போதாத வேலை இது.

ஆகவே, கடைப்பட்டையை மடித்துத் தைத்து ஒடுக்கிய பிரதியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், என்னால் அசலின் பிரதி என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. அது வேறொரு பொருள். அசலை உருவாக்கியது தறி. அந்தத் தறி ஓடினால்தான் அன்றைய நெசவாளி என்ன செய்தான் என்பதே நமக்குப் புரியும்.

கரை டெனிமுக்கு, அதாவது இரு கரையும் நெசவாகவே முடியும் ஜீன்ஸ் துணிக்கு, பேர்போன வைட் ஓக் ஆலை, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில், 2017 கடைசியில் மூடப்பட்டது. டிரேப்பர் எக்ஸ்3 நாடாத் தறிகள் ஓடிய ஆலை அது. தறியையாவது வேறிடத்தில் நிறுத்திவைக்கலாம். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் ஆளை எங்கே நிறுத்திவைப்பது?

நீங்கள் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டது பிழைப்புக்காக. அதில் குற்றம் காண எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தத் தறியை ஓட்டிய பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், கரை தளரும்போது எதைத் தொட்டுச் சரிசெய்வார் என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.