பவுடர் டப்பாவும் முதல் நாள் கேஸ் ஷீட்டும்

கேள்வி: என் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது, டயப்பர் புண்ணுக்குக் கிருமிநாசினி கலந்த பவுடர் ஒன்றைப் போட்டுவந்தேன். பத்தாம் நாள் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "வைரஸ் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். 1972-இல் பிரான்சில் பவுடரால் குழந்தைகள் இறந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மருத்துவரைக் கேட்டால் எரிந்து விழுகிறார். கம்பெனிக்காரர்கள் மூன்று மாதம் அலையவிட்டார்கள். இப்போது டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் மருத்துவமனைச் செலவைத் தருகிறோம் என்கிறார்கள். தோல்வழி ரசாயனங்களையும் குழந்தை நோய்களையும் ஆராயும் பொதுச் சுகாதாரக் குழு ஒன்றும் எங்களைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறது. பணம் எனக்குப் பெரிதில்லை, நீதி வேண்டும். வழக்குப் போடலாமா? — ஒரு தாய்

பதில்: மருத்துவர் எரிந்து விழுந்ததையும் கம்பெனி அலையவிட்டதையும் மூட்டை கட்டி வையுங்கள். இரண்டுக்கும் இழப்பீடு கிடையாது. உங்கள் கடிதத்தில் வழக்குக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்: "இருக்கலாம்".

வைரஸைக் கண்டுபிடித்தார்களா, இல்லை வேறு காரணம் தெரியாததால் அப்படி எழுதினார்களா? முதுகுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தார்களா? அதில் வைரஸ் இருந்தது என்று லேப் ரிப்போர்ட் இருந்தால், இந்தப் பதிலின் மீதியைப் படிக்க வேண்டாம், வழக்கு இல்லை. நீரில் தொற்றின் அறிகுறி இல்லாமல், வைரஸ் எதுவும் பிடிபடாமல் போயிருந்தால்தான் பேச இடமுண்டு. ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தப் படங்களை நரம்பியல் தெரிந்த வேறொருவரிடம் காட்டுங்கள். ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி மூளையின் வெண்பகுதியைக் கடற்பஞ்சுபோல் ஆக்கும். அது வைரஸ் விட்டுப்போகும் தடம் அல்ல.

காய்ச்சல் இருந்ததாலேயே தொற்று என்றாகிவிடாது; இது உங்களுக்குச் சாதகமான விஷயம். 1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பச்சிளங்குழந்தைகள் சிலருக்குக் காய்ச்சலும் கொட்டும் வியர்வையுமாக வந்தது, இருவர் இறந்தார்கள். சலவையில் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சேர்த்த பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனம் துணிகளிலிருந்து தோல்வழியே உள்ளே போயிருந்தது. ஆனால் அங்கே அந்த ரசாயனம் குழந்தைகளின் ரத்தத்திலேயே கிடைத்தது. உங்கள் மகளின் ரத்தத்தில் பவுடரின் ரசாயனத்தை யாரும் தேடவில்லை, இனித் தேடவும் முடியாது.

பிரான்ஸ் விவகாரத்தை எல்லோரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 36 பேர் இறந்தார்கள். சில பேட்ச் பவுடரில் தவறுதலாக 6.3 சதவீதம் ஹெக்ஸாகுளோரோஃபீன் கலந்துபோனதுதான் காரணம். அது நிரூபணமானதற்குக் காரணம் தாய்மார்களின் கண்ணீர் அல்ல. ஒரே தயாரிப்பு, பல குழந்தைகள், அளந்து காட்டிய நஞ்சு. உங்களிடம் இருப்பது ஒரு குழந்தை, ஒரு டப்பா. அதனால் டப்பாதான் உங்கள் வழக்கு. அதைக் கம்பெனிக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது" என்று ஒரு தாள் திரும்பி வரும், டப்பா வராது. பேட்ச் எண் தெரியும்படி படம் எடுத்து, எடை போட்டு, முத்திரை வைத்துப் பூட்டுங்கள். பரிசோதனை என்றால் இரு தரப்பும் நிற்க, இரண்டாகப் பிரித்து, அங்கீகாரம் பெற்ற லேபில்தான்.

ஆய்வுக் கட்டுரைகளை நம்பி வராதீர்கள். புண்பட்ட தோலும் மேலே மூடிய டயப்பரும் உறிஞ்சுதலைக் கூட்டும், கைக்குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம், எல்லாம் உண்மை. நடக்கக்கூடும் என்பதற்குத்தான் அவை சாட்சி. உங்கள் வீட்டில் நடந்தது என்பதற்கு அல்ல. ஒரு பொருளால் ஆபத்து 1.3 மடங்கு ஆகிறது என்று ஓர் ஆய்வு சொல்வதாக வைத்துக்கொள்வோம். அது இல்லாமலே 100 குழந்தைகளுக்கு வரும் நோய், அதோடு சேர்த்து 130 பேருக்கு வருகிறது. அந்த 130-இல் உங்கள் குழந்தை கூடுதலான முப்பதில் ஒன்று என்பதற்கான வாய்ப்பு கால்வாசிகூட இல்லை. சிவில் வழக்கில் பாதிக்கு மேல் தேவை. காரணத்தை எடைபோட ஒன்பது அளவுகோல்களை 1965-இல் தந்த ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில்லே அவற்றைக் கறாரான விதிகளாகக் கொள்ளக் கூடாது என்றார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த வரி மனப்பாடம்.

இனி நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். வலிப்போடு ஓடிவந்த இரவில் ட்யூட்டி டாக்டர் உங்களிடம் கேட்டு எழுதிய விவரம் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். பவுடரைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறதா? என் கட்சிக்காரர் ஒருவரின் மகனுக்குச் சொறிக்குத் தடவிய லோஷனால் வலிப்பு வந்தது என்பது வழக்கு. முதல் பக்கத்தில் "ஒருமுறை தடவியதாகத் தந்தை கூறினார்" என்றிருந்தது. வக்கீல் நோட்டீஸில் அது "தினமும் இரண்டு வேளை" ஆனது. பிரமாண வாக்குமூலத்தில் "உடல் முழுவதும், மூன்று வேளை". அவர் பொய்யர் அல்ல. படிக்கப் படிக்க நினைவு வளர்ந்துவிட்டது. ஆய்வாளர்கள் இதை நினைவுச் சார்பு என்பார்கள். குறுக்கு விசாரணையில் அதற்குப் பெயர் பொய். மூன்று தாள்களையும் அடுத்தடுத்து அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாவதை வாசிக்கும்போது அவர் குரல் எழும்பவில்லை. நல்ல மருத்துவச் சாட்சியம் இருந்தும் வழக்கு அங்கேயே படுத்துவிட்டது.

நீங்களும் அந்தப் பாதையில்தான் நிற்கிறீர்கள். "பிரான்ஸைப் படித்த பிறகுதான் உறைத்தது" என்று உங்கள் கைப்பட எழுதியிருக்கிறீர்கள். கம்பெனிக்கு எழுதிய கடிதங்களில் என்னென்ன இருக்கிறதோ! ஆய்வுக் குழுவில் சேர்வதில் தவறில்லை. ஆனால் அவர்களுடைய கேள்வித்தாளும் ஒரு வாக்குமூலம்தான். அதை நீதிமன்றம் வரவழைக்கக்கூடும். எத்தனை வேளை, எவ்வளவு என்ற கேள்விக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், மீதிக்கு "நினைவில்லை" என்றே எழுதுங்கள். "நினைவில்லை" என்றதால் தோற்ற கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை.

நீதி வேண்டும் என்கிறீர்கள். முதல் நாள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். மூன்றாம் வருடம் நிபுணர் சாட்சிக்கு யார் பணம் கட்டுவது என்று கேட்கிறார்கள். தண்டுவட நீர், டப்பா இரண்டும் உங்கள் பக்கம் பேசினால் வழக்கு. ஒன்று மட்டும் பேசினால், பேரம் பேசிச் சமரசமாகப் போய்விடுங்கள். இரண்டும் ஊமையென்றால் அவர்கள் தருவதையே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் இனி உரிமை கோரமாட்டோம் என்று கம்பெனி எழுதி வாங்கும் அந்தத் தாளில் இப்போதிருக்கும் வடிவில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் செலவழித்த பணம் உங்கள் உரிமை. குழந்தைக்கு நேர்ந்த பாதிப்பு குழந்தையின் உரிமை. மைனரின் உரிமையைப் பெற்றோர் விட்டுக்கொடுக்கப் பல நாடுகளில் நீதிமன்ற அனுமதி வேண்டும். கம்பெனி வக்கீலுக்கு இது தெரியும். அதனால் கடைசிப் பக்கத்தில், குழந்தை பின்னாளில் வழக்குப் போட்டு வென்றால் அந்தத் தொகையைப் பெற்றோரே கம்பெனிக்கு ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். மகளின் பேச்சிலோ படிப்பிலோ குறை இருக்கிறதா என்பது பள்ளிக்குப் போகும் வயதில்தான் முழுதாகத் தெரியவரும். அப்போது அவள் கம்பெனிமீது வழக்குப் போட்டு வென்றாலும் பணம் உங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அந்த வரியையும் "இனித் தெரியவரும் பாதிப்புகள் உட்பட" என்ற சொற்களையும் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால், உங்கள் செலவுக்கு மட்டும் ரசீது கொடுத்துப் பணம் வாங்குங்கள்.

உங்கள் செலவுக்காக வழக்குப் போடுவதற்கான காலவரையறை குழந்தை வளரும்வரை காத்திருக்காது. ஏழு மாதம் போய்விட்டது. இந்த வாரமே மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் மனுக் கொடுத்து முழு கேஸ் ஷீட்டை வாங்குங்கள். சம்மரி போதாது, நர்ஸ் குறிப்புகள், லேப் தாள்கள், ஸ்கேன் படங்கள் எல்லாம் வேண்டும். முதல் பக்கத்தில் பவுடர் இல்லையென்றால், யாரிடமும் போய் அதைச் சேர்த்து எழுதித் தரச்சொல்லிக் கேட்காதீர்கள்.