ஸ்தோத்திரம் வாயில் வராதபோது

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம். மகளின் நர்சிங் படிப்புக்காக மூன்று வருஷம் முன்பு தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை விற்றோம். இந்த வருஷம் தண்டைக் குடையும் போரர் பூச்சி விழுந்து பாதிச் செடி போய்விட்டது, கடனுக்கு வட்டியும் கட்டவேண்டும். அதே மாதம் மகளுக்குச் சேலத்தில் வேலை கிடைத்தது. சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "வீட்டில் மறைவான பாவம் ஏதோ இருக்கிறது" என்கிறார் கொழுந்தனார். "உடனே ஸ்தோத்திரம் சொல்லு" என்று வேறு சிலர் நெருக்குகிறார்கள். வீட்டுக்காரர் சரியாகத் தூங்குவதில்லை. முழங்காலில் நின்றால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அடுத்த மாதம் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை. எந்த முகத்தோடு போவது?
– வாசகி, ஏற்காடு

பதில்: அன்புச் சகோதரி, கொழுந்தனார் சொன்னதுதான் உங்களுக்குள் முள்ளாகக் கிடக்கிறது. அதை முதலில் எடுத்துவிடுவோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, "அப்படியல்ல" என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). மனந்திரும்பச் சொன்னது கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பார்த்துத்தான். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களையும் பாருங்கள். 7 நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல துணையாக இருந்தார்கள். அவன் பாவம்தான் காரணம் என்று சொல்லத் தொடங்கியதும் கெட்டது. அவர்கள் பேசியது சரியல்ல என்று கடைசியில் தேவனே கடிந்துகொண்டார்.

உங்கள் செடி பட்டுப்போனதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நிழல் மரம் போனால் அராபிகா காபிச் செடியின் தண்டில் வெயில் நேராக அடிக்கும். அந்தச் சூட்டைத் தேடித்தான் போரர் வண்டு வந்து பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்துபோன இடத்தில் தண்டின்மேல் வரிவரியாகத் தடிப்பு தெரியும், இலை பழுக்கும். வண்டு பறக்கும் பருவங்கள் இரண்டு: ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர். அதற்கு முன்பே, அதாவது மார்ச்சுக்குள்ளும் செப்டம்பருக்குள்ளும், தடிப்புள்ள செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். தோட்டத்து ஓரத்தில் அடுக்கி வைத்தால் அதிலிருந்தே அடுத்த வண்டு வெளியே வரும். மழை பிடித்ததும் முள்முருங்கைக் கம்பு நட்டு நிழலைத் திரும்ப உண்டாக்குங்கள். பிள்ளையைப் படிக்கவைக்க மரம் விற்றது பாவமே அல்ல.

இனி ஜெபம். "உங்களில் ஒருவன் துன்பப்பட்டால் ஜெபம்பண்ணக்கடவன், ஒருவன் மகிழ்ச்சியாயிருந்தால் சங்கீதம் பாடக்கடவன்" என்கிறார் யாக்கோபு (5:13). துன்பத்துக்கு ஒன்று, மகிழ்ச்சிக்கு ஒன்று. துன்பத்தின் நடுவிலே உடனே ஸ்தோத்திரம் சொல்லியாக வேண்டும் என்று உங்களை நெருக்கியவர்கள் இந்த வசனத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்ற ஆபகூக் தீர்க்கதரிசியின் வார்த்தையைக் காலண்டரில் போட்டு வீட்டில் மாட்டுகிறோம். அது மூன்றாம் அதிகாரம். அதே மனிதர் முதல் அதிகாரத்தில் "நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்று கர்த்தரிடம் முறையிடுகிறார். நீங்கள் இப்போது நிற்பது அந்த முதல் அதிகாரத்தில். அங்கிருந்தே பேசலாம்.

சொந்த வார்த்தை வராததால் 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6 வசனம். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, வாய்விட்டுப் படியுங்கள். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறான். அங்கே நிறுத்தி உங்கள் முறையீட்டைச் சொல்லுங்கள்: செடி, கடன், கொழுந்தனார் பேச்சு, எல்லாவற்றையும் பெயர் சொல்லி. 3, 4ஆம் வசனங்கள் விண்ணப்பம். உங்களுக்கு வேண்டிய ஒன்றை மட்டும் கேளுங்கள். 5, 6இல் நம்பிக்கையும் பாட்டும் வருகின்றன. மனம் ஒட்டாவிட்டால் அவற்றை வெறுமனே வாசித்து விடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். நேரே ஆறாம் வசனத்துக்குப் போய்விடுவார்கள், முறையீடு உள்ளேயே புளித்துக் கிடக்கும், பிறகு ஜெபமே கசந்துபோகும். 13ஆம் சங்கீதமே வெளிச்சமாகத் தோன்றுகிற நாளில் 88ஐப் படியுங்கள். அது இருளிலேயே முடிகிறது. அப்படி முடிகிற ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் உண்டு.

மகளின் வேலையைத் தோட்டத்து நஷ்டத்தின் அடியில் புதைக்காதீர்கள். ஒரு நாள் பாயசம் வைத்து, அவளை உட்காரவைத்து, அவள் பெயரையும் வேலையையும் சொல்லி நன்றி சொல்லுங்கள். அந்த வேளையில் காபியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். முதல் சம்பளத்தைக் காணிக்கையாகப் படைக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் வட்டி கட்ட வேண்டிய வீட்டில் அதற்காக மறுபடி கடன் வாங்க வேண்டாம். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 8:12).

வீட்டுக்காரர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமின்மையும் சோறு இறங்காமையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "நான் இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே கூட்டிப்போங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள், தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஆயரும் மூப்பர்களும் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், மருத்துவர் தரும் மாத்திரையையும் அவர் விழுங்கட்டும். பவுலோடு இருந்த லூக்காவும் வைத்தியர்தானே.

பண்டிகைக்குப் போங்கள். கொடியில் மிளகு இருந்தால் கால் கிலோ, இல்லையென்றால் ஒரு சீப்பு வாழைப்பழம், அதுவும் இல்லையென்றால் ஒரு கட்டுக் கீரை. காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது கௌரவத்துக்காகக் கை தூக்க வேண்டாம். பாட்டு வராவிட்டால் மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அழுகிறவர்களுடனே அழவும் சபைக்குக் கட்டளை இருக்கிறது (ரோமர் 12:15). உங்களுக்கு நம்பிக்கையான ஒரு அக்காவிடம் முன்தினமே சொல்லிவைத்து, அவர் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.